முதல் ரயில் எதை ஏற்றிக்கொண்டு வந்தது?

இந்திய ரயில்வேயின் வரலாறு என்று தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பட்டியல். 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர், 14 பெட்டிகள், 400 விருந்தினர்கள், 21 பீரங்கி முழக்கம், சாகிப், சிந்து, சுல்தான் என்று மூன்று இன்ஜின்கள். 1854 ஆகஸ்ட் 15, ஹௌராவிலிருந்து ஹூக்ளி. 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். நாளிதழ்கள் ஏப்ரலில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை தூசி தட்டிப் போடுகின்றன. இந்தப் பட்டியலின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. தேதிகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் இதைத் தகவலாகப் பார்க்காமல் ஒரு பிரதியாக, கதை சொல்லும் ஒரு வடிவமாக வாசித்துப் பார்த்தால் சில விஷயங்கள் உறுத்த ஆரம்பிக்கின்றன.

எல்லா வரியிலும் ஒரே காட்சி. பந்தல், பேண்டு வாத்தியம், ஒரு கவர்னர், ஒரு கொடியசைப்பு. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அழைக்கப்பட்டவர்கள். அந்தத் தண்டவாளம் எப்படி அங்கே வந்து கிடந்தது என்பது வரியில் இல்லை. மறுநாளிலிருந்து அதன் மேல் என்ன போனது என்பதும் இல்லை. பட்டியல் திறப்பு விழாவோடு கடையைச் சாத்திவிடுகிறது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையிலும் இந்த வியாதி உண்டு. லான்ச் தேதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரைத் தூக்கி நிறுத்தியவனின் பெயர் எந்த ஸ்லைடிலும் வராது.

இப்போது பட்டியலில் இல்லாத ஒரு வரி. 1837இல், அதாவது போரிபந்தருக்குப் பதினாறு வருடம் முன்னாலேயே, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பாலம் வரை ஓர் இருப்புப்பாதை இருந்தது. ரெட் ஹில்ஸ் ரயில்ரோடு. ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளரின் திட்டம். மதராஸ் நகரத்துக்குச் சாலை போடக் கல் வேண்டும், கல் செங்குன்றத்தில் இருக்கிறது, கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் தேவை. வண்டிகளைப் பெரும்பாலும் விலங்குகள் இழுத்தன. நீராவி இன்ஜினையும் ஓட்டிப் பார்த்தார்கள். பாய்மரம் கட்டிக் காற்றில் தள்ளிப் பார்க்கும் சோதனைகூட நடந்தது. சில வருடங்களில் பாதை கைவிடப்பட்டது. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை சாலை போடுவதற்காகக் கல் சுமந்தது என்ற ஒரு வரிக்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கும். மைல்கல் என்ற சொல்லை இதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்த முடியாது.

இது தனித்து நிற்கும் விதிவிலக்கும் அல்ல. 1845இல் கோதாவரிக் கரையில் தௌலேஸ்வரத்தில் அணை கட்டக் கல் கொண்டுபோக ஒரு ரயில் பாதை, அதுவும் காட்டனுடையதே. 1851இல் ரூர்க்கி பக்கத்தில் சோலானி நீர்ப்பாலக் கட்டுமானத்துக்காக மண் ஏற்றிக்கொண்டு ஒரு நீராவி இன்ஜினே ஓடியது. அதன் பெயர் தாமசன். ஆக, 1853க்கு முன்னால் கல், கல், மண். பிறகு 400 விருந்தினர்கள். நாம் எண்ணத் தொடங்குவது விருந்தினர்களிலிருந்து.

'முதல்' என்பது தரவுதளத்தில் தேடி எடுக்கும் விடை மாதிரிதான். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, மேலே இருக்கும் வரியை எடுத்துக் கொடு என்று கேட்கிறோம். கேட்பதற்கு முன்னால் ஒரு வடிகட்டியைப் போட்டுவிடுகிறோம், அதைச் சொல்வதில்லை. "பயணிகளை ஏற்றிய" என்பது ஒரு வடிகட்டி. "பொதுமக்கள் டிக்கெட் வாங்கக்கூடிய" என்பது இன்னொன்று. "நீராவியால் ஓடிய" என்று மட்டும் போட்டால் போரிபந்தர் மேலே வராது. வடிகட்டி போடுவது தப்பில்லை. ஆனால் யார் எப்போது எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கலாம் இல்லையா?

இங்கிலாந்துக்காரர்கள் தங்களுக்கு இந்த வடிகட்டியைப் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. 2025இல் அங்கே ரயிலின் 200ஆவது ஆண்டு என்று நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். எதிலிருந்து 200? 1825 செப்டம்பர் 27, ஸ்டாக்டன் டார்லிங்டன் பாதை. நிலக்கரிக்காகப் போட்ட பாதை அது. முதல் நாள் வண்டியில் நிலக்கரியும் மாவு மூட்டைகளும் இருந்தன, அவற்றின் மேல் தொற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆட்கள் போனார்கள். அதற்கும் முன்னால் 1804இல் வேல்ஸில் ட்ரெவிதிக்கின் இன்ஜின் இழுத்தது பத்து டன் இரும்பை. பயணிகளை முதன்மையாக வைத்துப் பேசுவதென்றால் அவர்களும் 1830இன் லிவர்பூல் மான்செஸ்டரிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அந்த நாட்டுக்கு நிலக்கரி அவமானமில்லை. அது அவர்களுடைய சொந்தத் தொழில், சொந்த ஊர்களின் பெருமை. நமக்கு மட்டும் ரயிலின் பிறப்பு ஒரு விழா.

என்னுடைய வாசிப்பு இது: கல் சுமந்த வண்டியை முதலில் வைத்தால் ரயில் ஒரு கருவி. விருந்தினர் ஏறிய வண்டியை முதலில் வைத்தால் ரயில் ஒரு பரிசு. "வெள்ளைக்காரன் ரயிலாவது கொடுத்தானே" என்று இன்றைக்கும் டீக்கடையில் ஒருவர் சொல்வதற்கு வேண்டிய எல்லாம் அந்த முதல் வரியிலேயே இருக்கிறது. கொடுத்தானா? மதராஸ் ரயில்வே கம்பெனி உட்பட அந்தக் காலத்துக் கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டின. முதலுக்கு ஏறக்குறைய ஐந்து சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம். நிலம் இலவசம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் மீதியை இந்திய வருவாயிலிருந்து, அதாவது வரி கட்டும் ரயத்தின் மடியிலிருந்து, ஈடுகட்ட வேண்டும். தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இதைப் பற்றி எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் மைல்கல் பட்டியலில் வட்டி விகிதத்துக்கு ஒரு வரி கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதே பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டோம். பீரங்கி முழக்கத்தைக்கூட நீக்கவில்லை.

காட்டன் விஷயத்தில் இன்னொரு திருப்பம் உண்டு. செங்குன்றத்துப் பாதையைத் திட்டமிட்ட அதே ஆள் பிற்காலத்தில் இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாய்தான் தேவை என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். கால்வாய் பாசனமும் செய்யும், சரக்கும் சுமக்கும், செலவும் குறைவு என்பது அவர் கட்சி. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ரயில் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மதராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி கிடந்தவர்களை வைத்து வெட்டி நீட்டியதுதான் பக்கிங்காம் கால்வாய். திருவொற்றியூருக்கு மேற்கே எண்ணூர் கழிமுகத்தை நோக்கிப் போகிற அதே கால்வாய். இப்போது அதைப் பார்த்தால் யாருக்கும் படகு ஞாபகம் வராது, மூக்கைத்தான் பொத்திக்கொள்வோம். மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்களை அந்தக் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள். ரயிலா கால்வாயா என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு இவ்வளவு அப்பட்டமான சிற்பத்தை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு ஆபத்து இருக்கிறது. "அட, அப்போ மெட்ராஸ்தான் ஃபர்ஸ்ட்டா!" என்று நண்பர்கள் குஷியாகிவிடுகிறார்கள். சென்னைப் பெருமை பேசும் கட்டுரைகள் சில இந்த வழியில்தான் செங்குன்றத்தைக் கண்டெடுக்கின்றன. தானேவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் செங்குன்றத்தை வைத்தால் பட்டியல் அப்படியே இருக்கும், ஜெயித்த ஊர் மட்டும் மாறும். செங்குன்றம் முதலா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கல் சுமந்ததற்காக அது எண்ணிக்கையிலிருந்தே விழுந்துபோனது என்பதில்தான் அக்கறை.

ஏனென்றால் நான் வளர்ந்தது அப்படி விழுந்துபோன பக்கத்தில். சென்னையின் வடக்குப் பக்கம் சரக்கின் பக்கம். தண்டையார்பேட்டையில் யார்டு, துறைமுகத்துக்குள் போகும் தண்டவாளம், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி, சால்ட் கோட்டர்ஸ் என்று உப்புக் கிடங்கின் பெயரையே தாங்கி நிற்கும் கூட்ஸ் ஷெட். விம்கோ நகர் என்று ஒரு நிலையத்துக்குப் பெயர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் சுருக்கம் அது. திருவொற்றியூர் வழியாகப் போகும் பாதையே 1899இல் விஜயவாடா வரை இணைக்கப்பட்ட வடக்குப் பாதை. அதில் எங்கள் ஊர் எந்த மைல்கல்லும் இல்லை, நடுவில் வரும் ஒரு நிலையம். "கேட் போட்டுட்டான்" என்றால் எந்த வண்டிக்கு என்று யாரும் கேட்பதில்லை. கூட்ஸ்தான், பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வடசென்னைக்குப் பட்டியலில் கிடைத்த ஒரே இடம் ராயபுரம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார், ஜூலை 1 முதல் வண்டி ஓடியது. போரிபந்தரிலும் தானேவிலும் ஆதிக் கட்டடங்கள் போய்விட்டதால், துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான் என்பார்கள். தூண்கள், உயரமான கூடம். 2005இல் பழுதுபார்த்து வர்ணம் அடித்தார்கள். ராயபுரத்தை மறுபடி பெரிய முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. தூண்களைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் அதிகம். நல்ல தூண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் தூணை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

1856இல் மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கணும். கடலுக்குள் நீளும் இரும்புத் தோணித்துறை 1860களில்தான் வந்தது, அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளோ சரக்கோ, மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரைக்கு வர முடியும். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு மதராஸ் அலையில் அடிபட்டு உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த தண்டவாளங்களுக்கும் வேறு வழி இருந்திருக்க முடியாது. இரும்புப் பாதையின் இரும்பு, கயிற்றால் தைத்த படகில், கடலோரக் குப்பங்களின் ஆட்கள் துடுப்புப் போட, கரையேறியிருக்க வேண்டும். பிறகு தோளில். தென்னிந்தியாவின் முதல் ரயில் பற்றிய எந்தப் பட்டியலிலும் இந்தப் படகுக்கு இடமில்லை. ஆனால் இதைவிட நல்ல தொடக்கக் காட்சி எந்த நாவலாசிரியனுக்குக் கிடைக்கும்?

நாவலாசிரியன் என்று சொன்னதும் தமிழ்ப் புனைவுப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. என்னுடைய உண்மையான புகார் அங்கேதான்.

தமிழ்ச் சிறுகதைக்கும் ரயிலுக்கும் நெருக்கம் அதிகம். பாரதியின் 'ரயில்வே ஸ்தானம்' தென்காசி நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கிறது. மூன்று சகோதரிகளை மணந்துகொண்டு தவிக்கும் ஒரு முஸ்லிம் இளைஞரைக் கதைசொல்லி அங்கே சந்திக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டுச் சங்கதியைப் பேசிக்கொள்ள ரயில் நிலையம் ஒரு புதிய திண்ணையாகிவிட்டது என்பதை பாரதி எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டார் என்று எனக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகு நமக்கு ரயில் என்றால் பெட்டி, ஜன்னலோரம், எதிர் சீட்டு. அறிமுகம், பிரிவு, ஏக்கம். எல்லாமே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறியவர்களின் கதை. அதாவது இலக்கியமும் அதே வடிகட்டியைப் போட்டுக்கொண்டது. கல்லும் நிலக்கரியும் ஏறிய வண்டியைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' இந்த இடத்தில் சிக்கலானது, அதனாலேயே முக்கியமானது. அப்பாவும் சின்னப் பையனும் ரயிலில் போகிறார்கள். அதே பெட்டியில் ஒரு சிறுமி, கல்கத்தாவுக்கு ஒரு வீட்டு வேலைக்காகக் கூட்டிப்போகப்படுகிறாள். பையன் தன்னுடைய ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். பொதுவாக இந்தக் கதையைக் குழந்தையின் கருணை பற்றிய கதை என்று வாசிப்போம், எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தச் சிறுமி யார்? டிக்கெட்படி பயணி. காரியப்படி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பப்படும் உழைப்பு. ஆயிரத்துச் சொச்சம் மைல் அவளைக் கொண்டுபோவதற்கு ரயில் இல்லாவிட்டால் கல்கத்தா வீட்டுக்கு அவள் தேவைப்பட்டிருக்கவே மாட்டாள். ஜானகிராமன் இதைச் சத்தம் போடாமல் வைத்திருக்கிறார். பயணிகள் பெட்டிக்குள்ளேயே ஒரு சரக்கு உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பசிக்கிறது, அது வெட்கப்படுகிறது. அந்த ஆரஞ்சு இவ்வளவு கனப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கருணையை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலை விட்டுவிட்டால் கதையில் பாதி போய்விடும்.

தண்டவாளம் போடுகிறவனை நடுவில் வைத்து எழுதிய தமிழ் நாவல் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டுமே மலேசியாவிலிருந்து வந்தவை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதற்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். ஆனால் 1957இல் வந்த அந்தப் புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தால் உலகத்தின் ஞாபகத்தில் நிற்பது ஒரு பாலமும் விசில் அடித்துக்கொண்டு நடக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களும்தான். அந்த வெற்றிடத்துக்குள்தான் மலேசியத் தமிழர்கள் எழுதினார்கள். இந்த நாவல்களின் மொழியில் கரடுமுரடு இருக்கிறது, சில இடங்களில் தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. இருக்கட்டும். தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கும் கட்டை, கட்டையைத் தூக்கும் தோள், தோளில் ஏறும் புண், புண்ணில் ஊரும் புழு வரைக்கும் போகும் எழுத்து நம் மொழியில் இருக்கிறது என்றால் அது இவர்களால்தான்.

அப்படியென்றால் சாவு எண்ணிக்கை அந்த அளவுக்குப் போனால்தான் கூலிக்குக் கதையில் இடமா? தமிழ்நாட்டில் மெதுவாக, சாதாரணமாக, ஒரு நூற்றாண்டு முழுக்க நடந்த அதே வேலைக்கு ஏன் ஒரு பெரிய நாவல் என் அலமாரியில் இல்லை? பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. 1928இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதற்காக சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1974 மே மாதம் நாடு முழுக்க இருபது நாள் ரயில் நின்றது. பெரம்பூர் பணிமனையின் வயது ராயபுரத்தின் வயதுக்குச் சமம். அங்கே மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஓடிய தேதி மைல்கல், நின்ற தேதி மைல்கல் இல்லை என்ற பட்டியலின் கணக்கையே நம் எழுத்தாளர்களும் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? பாரதி, ஜானகிராமன் இருவரும் பயணிகள். எழுத வந்தவர்களில் அனேகம் பேர் பயணிகளாகத்தான் ரயிலைச் சந்தித்தார்கள் என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பதிலின் காலம் முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. ரயில்வே காலனிகளிலிருந்தும் துறைமுகத்துத் தெருக்களிலிருந்தும் எழுதுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். வடசென்னை என்றதும் கத்தியும் பாக்ஸிங்கும் கேட்கும் வாசகனும் சினிமாவும்தான் அவர்களை இந்தப் பக்கம் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரை ரௌடிகளின் ஊராகப் படம் எடுப்பது சுலபம். சரக்கின் ஊராகப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வேகன் எண்ணுகிற பொறுமை.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபோது எங்களுக்கும் ஒரு திறப்பு விழா கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏசியில் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரலுக்குப் போக முடிகிறது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், கீழே எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். மெட்ரோ நிலையத்தில் அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் என்று திரை காட்டுகிறது.

பழைய திருவொற்றியூர் நிலையத்தில் இன்னும் ஒலிபெருக்கிதான். சென்ட்ரல் போகும் மின்தொடர் வண்டிக்கு அறிவிப்பு வரும், கும்மிடிப்பூண்டி போகும் வண்டிக்கு வரும், எங்கிருந்து எங்கே, எத்தனையாவது நடைமேடை என்று எல்லாம் சொல்வார்கள். நடுநடுவே இன்னொரு அறிவிப்பும் வரும்: வண்டி ஒன்று நிற்காமல் செல்கிறது, பயணிகள் நடைமேடை விளிம்பிலிருந்து தள்ளி நிற்கவும். அந்த வண்டிக்குப் பெயர் சொல்வதில்லை, எங்கிருந்து எங்கே என்றும் சொல்வதில்லை. தள்ளி நின்றுகொண்டால் ஐம்பது வேகன் வரைக்கும் எண்ணலாம்.